மூட்டத்தை அழிக்குமுன்: விமான சிமுலேட்டர் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பர்களே,

வீட்டு மேசையில் ஒரு திரையையும் ஒரு ஜாய்ஸ்டிக்கையும் வைத்துக்கொண்டு, உலகத்தின் எந்த விமான நிலையத்திலிருந்தும் நினைத்த மாத்திரத்தில் புறப்பட்டு, அந்தந்த ஊரில் அந்தந்த வேளையில் நிலவும் வானிலையையே இணையத்தின் வழியாக வரவழைத்துக்கொண்டு பறந்து பழகுகிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். நீங்கள் ஓட்டுவது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டராக இருக்கலாம், எக்ஸ்-பிளேனாக இருக்கலாம், காசு கொடாமலே கிடைக்கும் ஃப்ளைட்கியராக இருக்கலாம்; நான் சொல்லப் புகும் விஷயம் மூன்றுக்கும் பொது.

நம்மிடையே ஓயாமல் எழும் முறையீடு ஒன்று உண்டு. படம் முழுவதும் வெளுத்துக் கிடக்கிறது, மலையும் தெரியவில்லை கடற்கரையும் தெரியவில்லை, இத்தனை விலை கொடுத்துக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியது இந்த மூட்டத்தைப் பார்க்கவா என்று ஒரு சாரார் வருந்துகிறார்கள். விமான நிலையத்து அறிக்கை 3,000 மீட்டர் என்று சொல்லிக்கொண்டிருக்க, 50 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலைத்தொடர் விளிம்பு பிசகாமல் தெரிகிறதே, இது என்ன வானிலை என்று மற்றொரு சாரார் கேட்கிறார்கள். முதற் சாராருக்கு உடனே ஒரு பரிகாரம் கிடைத்துவிடுகிறது: இந்த ஒரு வரியை எழுதிச் சேமித்துக்கொள்ளுங்கள், மூட்டம் அடியோடு போய்விடும் என்று யாரேனும் ஒரு நண்பர் அனுப்பி வைக்கிறார், அதை எழுதியவுடன் திரை பளிச்சென்று ஆகிவிடுகிறது, அத்துடன் விசாரணையும் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வரியை எழுதுமுன் சற்றுப் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். ஏதோ ஓர் ஊரில் ஒரு கருவி அளந்த தொகை, அறிக்கையாகி, நிரலுக்குள் புகுந்து, அங்கே ஒரு சூத்திரத்தினால் நிறமாக மாறி, கடைசியில் உங்கள் திரையில் ஒளியாக வந்து விழுவதற்குள் பல கைகளைக் கடந்து வருகிறது. எந்தக் கையில் பிழை நேர்ந்தது என்று அறியாமல் கடைசியில் நிற்கும் படத்தை மட்டும் திருத்தினால், பிழை இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு நாளைக்கு வேறோர் உருவில் தலைகாட்டும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. பல சந்தர்ப்பங்களில் நாம் பிழை என்று கருதுகிற மூட்டம் பிழையே அன்று; உண்மையான விமானியின் கண்ணுக்கு முன்னால் உண்மையாகவே நிற்பது.

முதலில், ஆகாயத்தில் நடப்பது என்ன என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. தொலைவிலுள்ள ஒரு குன்றிலிருந்து நம் கண்ணை நோக்கி வரும் ஒளியில் ஒரு பங்கை, இடையிலுள்ள காற்றும் அதில் மிதக்கும் நுண்துகள்களும் வழியிலேயே சிதறடித்துவிடுகின்றன. அதே சமயத்தில், சூரியனிடமிருந்தும் வானத்திலிருந்தும் வருகிற ஒளியில் ஒரு பங்கை அதே துகள்கள் நம் கண்ணின் பக்கமாகத் திருப்பியும் விடுகின்றன. எனவே குன்று மங்கிப் போவதோடு, அதன்மேல் வேறொரு வெளிச்சமும் படர்ந்து, தூரம் ஏற ஏற அது அடிவானத்தின் நிறத்தையே ஏற்றுக்கொண்டு, முடிவில் அடிவானத்தோடு ஒன்றிப் போய்விடுகிறது. 1924 ஆம் ஆண்டில் ஹரால்ட் கோஷ்மீடர் என்ற ஜெர்மானிய வானிலை அறிஞர் இதைக் கணிதமாக எழுதி வைத்தார். குன்றுக்கும் அதன் பின்னாலுள்ள வானத்துக்கும் இடையே இருக்கிற ஒளி வேற்றுமை, வழியில் உள்ள ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரே விகிதப்படி குறைந்துகொண்டே வருகிறது என்பதே அதன் சாரம். அந்த வேற்றுமை நூற்றுக்கு 2 பங்காகத் தேய்ந்துவிடும் தூரத்தைப் பார்வைத் தூரம் என்று அவர் கொண்டார்; இக்காலத்து வானிலைத் துறையிலும் விமானத் துறையிலும் 5 பங்கு என்ற அளவைக் கொள்கிறார்கள். ஆகவே 10 கிலோமீட்டர் பார்வைத் தூரம் என்றால், பத்தாவது கிலோமீட்டர் வரையில் எல்லாம் தெளிவாக இருந்து, அதற்கு அப்பால் ஒரு திரை விழுந்துவிடுகிறது என்று அர்த்தமாகாது. மூட்டம் உங்கள் மூக்கின் நுனியிலிருந்தே தொடங்கிவிடுகிறது. இதை மறந்தவர்களே திரையில் மூட்டம் அதிகம் என்று பெரும்பாலும் முறையிடுகிறார்கள்.

துகளே இல்லாத சுத்தமான காற்றிலும்கூட, கடல்மட்டத்தில் ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு மேல் பார்க்க முடியாது. அந்தச் சுத்தமான காற்று நீல ஒளியையே அதிகமாகச் சிதறடிப்பதனால் தூரத்து மலைகள் நீலம் பாரிக்கின்றன. புகையும் புழுதியும் உப்புத்துகளும் கலந்த காற்றோ எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலச் சிதறடிப்பதனால் வெண்மையும் சாம்பலும் கலந்து தோன்றுகிறது. அதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. பெரிய துகள்கள் தம்மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே தள்ளுகின்றன; ஆகையால் சூரியன் இருக்கும் திசையைப் பார்க்கையில் மூட்டம் கண்ணைக் கூசச் செய்யும், சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்க்கையில் அதே மூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டதுபோல இருக்கும். மாலை நேரத்தில் ஒரே உயரத்தில் ஒரு முழுவட்டம் சுற்றிப் பாருங்கள். திசைக்குத் திசை வித்தியாசம் தெரிந்தால் உங்கள் சிமுலேட்டர் ஒளியைக் கணக்கிட்டே வரைகிறது. நான்கு புறமும் ஒரே வெள்ளை என்றால், பழைய நிரல்களின் வழக்கப்படி ஒரே நிறத்தை எல்லாவற்றின் மேலும் பூசிவிடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பின்னதை எந்த அமைப்பை மாற்றியும் சரிசெய்ய இயலாது. அது அந்த நிரலின் எல்லை.

இனி, விசாரணைக்கு வருவோம். மூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுமுன், வானிலை வந்து சேர்ந்திருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இணையத் தொடர்பு தடைப்பட்டால் பல நிரல்கள் ஒன்றும் சொல்லாமல் தம்முடைய வழக்கமான வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் நிற்கும் விமான நிலையத்தின் மெட்டார் எனப்படும் வானிலை அறிக்கையைத் தனியே எடுத்து, அதிலுள்ள காற்றின் திசையையும் அழுத்தத்தையும் விமானி அறையிலுள்ள கருவிகளோடு ஒப்பிட்டால் விஷயம் வெளியாகிவிடும். அழுத்தம் 1006 என்று அறிக்கை சொல்கையில் சிமுலேட்டருக்குள் 1013 என்ற பொது அளவே நிற்குமானால், உங்களுக்கு உண்மை வானிலை வரவே இல்லை. மூட்டத்தின்மேல் குற்றம் சாட்டிப் பிரயோஜனமில்லை.

வந்திருக்கிறது என்றால், அறிக்கையை நிதானமாகப் படியுங்கள். மெட்டாரில் பார்வைத் தூரம் மீட்டர் கணக்கில் நான்கு இலக்கமாக வரும். 9999 என்றிருந்தால் 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்று பொருள். எவ்வளவு மேல் என்பதை அறிக்கை சொல்வதே இல்லை. அமெரிக்க நாட்டுத் தானியங்கி நிலையங்கள் மைல் கணக்கில் சொல்பவை. அவையும் 10 மைலோடு நின்றுவிடுகின்றன. விமானம் இறக்குவதற்கு அதற்குமேல் தெரியவேண்டிய அவசியம் இல்லை என்பதால் அந்த எல்லை நியாயமானதே. ஆனால் உலகத்தைப் படமாக வரையவேண்டிய நிரலுக்கோ பெருஞ் சங்கடம். 9999 என்பதை எழுத்துப்படி எடுத்துக்கொண்டு 10 கிலோமீட்டர் என்றே வரைந்துவிட்டால், மழை ஓய்ந்து கழுவிவிட்டாற்போன்ற ஆகாயமுள்ள ஊரும் புழுதி படிந்த ஊரும் ஒன்றாகிவிடும். ஆகையால், ஊர் ஊராகப் போய்ப் பார்த்தும் எங்கும் ஒரே அளவு மூட்டம் நிற்கிறது, அதுவும் சரியாக 10 கிலோமீட்டரில் அல்லது 16 கிலோமீட்டரில் நிற்கிறது என்றால், குற்றம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். பார்வைத் தூரத்துக்கு அடுத்து வரும் குறியையும் விட்டுவிடாதீர்கள். ஹெச்இஸட் என்றால் உலர்ந்த துகள் மூட்டம், பிஆர் என்றால் 1,000 முதல் 5,000 மீட்டர் வரையிலான பனிமூட்டம், எஃப்ஜி என்றால் 1,000 மீட்டருக்கும் குறைவான மூடுபனி, எஃப்யூ என்றால் புகை. தூரம் ஒன்றாகவே இருந்தாலும் இவற்றின் நிறமும் உயரமும் வேறு; 3,000 மீட்டர் புகைக்கும் 3,000 மீட்டர் பனிக்கும் ஒரே வெள்ளையைப் பூசும் நிரல் பாதி வேலையையே செய்திருக்கிறது. போகி நாள் விடியற்காலையில் சென்னை விமான நிலையத்தைத் திரையில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2018 ஆம் ஆண்டுப் போகியன்று இறங்க வழியின்றிப் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டனவே, அந்தக் காலைப் புகையின் கனத்தை வெறும் வெண்பனியாகக் காட்டினால் பார்க்கிறவர் நெஞ்சு ஒப்பாது.

அடுத்தபடியாக ஒரு சுலபமான பரீட்சை. இணைய வானிலையை நிறுத்திவிட்டு, அறிக்கையிலுள்ள அதே பார்வைத் தூரத்தையும் அதே மேகங்களையும் கையால் அமைத்துப் பாருங்கள். படம் மாறாமல் இருந்தால் பிழை வரைகிற இடத்தில். மாறிவிட்டால் பிழை வரவழைத்து அர்த்தம் பண்ணுகிற இடத்தில். பாதி வழியில் நின்று இரு பக்கமும் பார்க்கிற இந்த ஒரு காரியம் எத்தனையோ நாள் வீண் அலைச்சலை மிச்சப்படுத்தும். மைக்ரோசாஃப்டின் 2020 ஆம் ஆண்டுச் சிமுலேட்டரில் இதைச் செய்யப் புகுகிறவர்களுக்கு ஒரு தடங்கல் ஏற்படும். அங்கே பார்வைத் தூரம் என்று ஒரு தொகையை எழுதுவதற்கு இடமே கிடையாது, ஏரோசால் அடர்த்தி என்ற ஒரு நகர்த்தி மட்டும் இருக்கிறது. அதை நகர்த்தி நகர்த்தி, தூரம் தெரிந்த ஏதேனும் ஓர் அடையாளம் மறைகிற இடத்தில் நிறுத்துவதே வழி. அந்தச் சிமுலேட்டரின் வானிலை ஸ்விட்சர்லாந்திலுள்ள மீட்டியோப்ளூ நிறுவனத்தின் முன்கணிப்பிலிருந்து வருவது. விமான நிலைய அறிக்கைகளை அதனோடு கலப்பதற்கு 2021 ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான் வழிசெய்தார்கள். ஆதலால் அறிக்கைக்கும் படத்துக்கும் இடையே ஓரளவு பேதம் இருப்பது அங்கே இயல்பு.

அறிக்கை தரையில் அளந்தது என்பதையும் ஓயாமல் நினைவில் வைத்திருக்க வேண்டும். மேலே 2,000 அடியில் என்ன இருக்கிறது, 8,000 அடியில் என்ன இருக்கிறது என்று அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதையெல்லாம் நிரல் தானாகவே ஊகிக்கிறது. ஃப்ளைட்கியரில் இந்த ஊகம் கண்ணுக்குத் தெரியும்படியே வைக்கப்பட்டிருக்கிறது. தரையை ஒட்டிய எல்லை அடுக்குக்கு ஓர் அட்டவணை, அதற்கு மேலுள்ள ஆகாயத்துக்கு ஓர் அட்டவணை என்று இரண்டு உண்டு. விமானம் இருக்கும் உயரத்துக்குத் தக்கபடி இவ்விரண்டிலிருந்தும் கணக்கிட்டுப் பார்வைத் தூரம் தீர்மானமாகிறது. இதை அறியாத நண்பர்கள் நடப்புப் பார்வைத் தூரத்தை மட்டும் கையால் மாற்றிவிட்டு, கண் மூடித் திறப்பதற்குள் பழைய தொகையே திரும்பி வந்துவிடுகிறதே என்று மலைக்கிறார்கள். மாற்ற வேண்டியது அட்டவணையை. அதிலிருந்து விளைகிற தொகையை மாற்றி நிலைக்காது. 2006 ஆம் ஆண்டில் வந்த எஃப்எஸ்எக்ஸ் சிமுலேட்டரை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் வேறொரு தொல்லையை அறிவார்கள்: ஒரு நிலையத்தின் வானிலையை விட்டு அடுத்த நிலையத்தின் வானிலைக்குள் புகும்போது, பார்வைத் தூரம் ஒரே வினாடியில் மாறி, நாட்டுப்புறம் முழுவதும் திடீரென்று மறையும் அல்லது திடீரென்று முளைக்கும். அதற்கு எஃப்எஸ்யூஐபிசி என்ற துணை நிரலில் உரிய ஏற்பாடு இருக்கிறது. மாற்றத்தைச் சிறிது சிறிதாகச் செய்யவும், உயரம் ஏற ஏற மூட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கவும் அதில் வகையுண்டு. மூட்டத்தை ஒழிக்காமல் மூட்டத்துக்கு ஒழுங்கு கற்பிக்கிற இத்தகைய பரிகாரத்தையே நான் மனமாரப் போற்றுவேன்.

மூட்டத்துக்கு ஒரு மேல்விளிம்பு இருப்பதைப் பார்த்துவிட்டு அதையும் பிழை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையான ஆகாயத்திலும் அது உண்டு. வெப்பநிலை தலைகீழாக மாறும் அடுக்கு ஒன்று மூடிபோல மேலே நின்று கீழிருக்கும் புகையையும் புழுதியையும் ஏறவொட்டாமல் தடுக்கும்போது, அந்த அடுக்கைக் கடந்து மேலே வந்த விமானி, கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு அடிவானம் நெடுகப் படிந்திருப்பதையும், அதற்கு மேல் ஆகாயம் சட்டென்று நீலமாகி விடுவதையும் பார்க்கிறான். 1999 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் பல நாட்டு அறிஞர்கள் கூடி இந்தியப் பெருங்கடலின்மேல் நடத்திய இன்டோயெக்ஸ் ஆராய்ச்சியில், தென்னாசியாவிலிருந்து குளிர்காலக் காற்றோடு சென்ற மூட்டம் கடலின்மேல் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உயரம் வரை பரவிக் கிடந்ததைக் கண்டார்கள். ஆகையால் தை, மாசி மாதங்களில் திருவனந்தபுரத்திலிருந்து மாலத் தீவுக்குத் திரையில் பறக்கிறவர், கடலின்மேல் ஏன் இந்தக் கலக்கம் என்று கேட்க வேண்டியதில்லை.

இதோடு சேர்ந்தது சாய்வுப் பார்வையின் சங்கதி. விமான நிலையத்துக்கு நேர் மேலே பறக்கும்போது ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள்கூடத் தெரிந்தன, சுற்றி வந்து இறங்கத் தொடங்கியதும் ஓடுபாதையே காணாமற் போய்விட்டது, இது நிரலின் கோளாறு என்று சிலர் சத்தியம் செய்வார்கள். கணக்கைப் பாருங்கள். தரையின்மேல் 50 மீட்டர் கனத்துக்கு மூடுபனி படிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நேர் மேலிருந்து பார்க்கிற கண் அந்த 50 மீட்டரைத்தான் ஊடுருவ வேண்டும். வழக்கமான 3 பாகைச் சரிவில் இறங்குகிறவனுடைய பார்வையோ அதே பனிக்குள் ஏறக்குறைய 955 மீட்டர் செல்லவேண்டியிருக்கிறது. பத்தொன்பது மடங்கு பனி குறுக்கே நிற்கிறபோது ஓடுபாதை மறைவதில் என்ன வியப்பு? மேலிருந்து தெரிந்ததை நம்பி இறங்கி, கடைசி நிமிஷத்தில் கண் இருண்டு போகும் அபாயத்தை விமானப் பள்ளிகளில் மாணவர்களுக்கு எச்சரித்தே அனுப்புகிறார்கள். உங்கள் சிமுலேட்டர் இதைக் காட்டுகிறது என்றால் அதை எழுதியவர்கள் நன்றிக்கு உரியவர்கள்.

வரைகிற சூத்திரத்துக்கு வருகிறேன். எனக்கு இவ்விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கணிப்பொறிப் படங்களில் மூட்டம் போடுவதற்கு நெடுங்காலமாக மூன்று முறைகள் வழங்கி வருகின்றன. தூரத்துக்கு நேர்விகிதமாக வெளுக்கச் செய்வது ஒன்று. கோஷ்மீடர் சொன்னபடி அடுக்குக்குறி விகிதத்தில் வெளுக்கச் செய்வது ஒன்று. அந்த அடுக்கை வர்க்கமாக்கிக்கொண்டு வெளுக்கச் செய்வது மற்றொன்று. மூன்றும் பத்தாவது கிலோமீட்டரில் குன்றை மறைத்துவிடும். ஆனால் நடுவழியில் மூன்றும் வெவ்வேறு உலகங்கள். நூற்றுக்கு 2 பங்கு என்ற அளவைக் கொண்டால், 10 கிலோமீட்டர் பார்வைத் தூரத்தில், 3 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கரிய பொருளின் வேற்றுமையில் இயற்கை 31 பங்கையே மிச்சம் வைக்கிறது. வர்க்க முறையோ 70 பங்கை மிச்சம் வைக்கிறது, நேர்விகித முறையும் அப்படியே. அதாவது, பிந்திய இரண்டு முறைகளிலும் அருகிலிருப்பதெல்லாம் தெளிவாக இருந்துவிட்டுத் தூரத்தில் வெள்ளைச் சுவர் ஒன்று எழும்பி நிற்கும். இயற்கையிலோ சுவர் என்பதே இல்லாமல், காலடியிலிருந்தே எல்லாம் மெல்ல மெல்ல வெளிறிக்கொண்டு போகும். சுவர் தெரிகிறது என்று முறையிடுகிறவர் நியாயமாகவே முறையிடுகிறார்; ஆனால் அவர் பார்வைத் தூரத்தைக் கூட்டிப் பிரயோஜனமில்லை, சுவர் சற்றுத் தள்ளிப் போய் நிற்குமே தவிர மறையாது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நீளமான ஓடுபாதை உள்ள ஒரு விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, பட்டப்பகலில், மேகமில்லாமல், பார்வைத் தூரத்தை 10 கிலோமீட்டராக அமைத்து, ஓடுபாதையின் ஒரு முனையில் விமானத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு அப்பால் அடிவானத்தைத் தொட்டு நிற்கிற கரிய மரவரிசையோ கட்டடமோ ஒன்றைக் குறித்துக்கொண்டு, திரையைப் படமாகப் பிடித்து, படம் திருத்தும் நிரல் ஒன்றில் திறந்து, அந்த மரத்தின் நிறத்தையும் அதற்கு மேலுள்ள வானத்தின் நிறத்தையும் எண்ணாகப் படியுங்கள்; பிறகு பார்வைத் தூரத்தை மிகப் பெரிதாக்கி, அதே மரத்தை மறுபடியும் படியுங்கள். முதலில் கண்ட வேற்றுமை இரண்டாவதில் கண்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்தால், உங்கள் சிமுலேட்டர் ஆகாயத்தின் விதியை அனுசரிக்கிறது; மூன்றில் இரண்டு பங்குக்கு மேலாக இருந்தால் அனுசரிக்கவில்லை. திரையின் எண்ணும் ஒளியின் அளவும் முற்றிலும் ஒன்றாகா என்பதனால் சிறு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்; 31க்கும் 70க்கும் உள்ள பேதம் அதனால் மறைந்துவிடாது.

நிலப்பரப்பு முடிகிற இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிமுலேட்டர்கள் நாட்டை முழுவதும் வரைவதில்லை. கணிப்பொறியின் சக்திக்குத் தக்கபடி குறிப்பிட்ட தூரம் வரையிலேயே வரைகின்றன. அந்த விளிம்பை மறைப்பதற்கென்றே மூட்டத்தைப் போட்டு வைப்பது பழைய தந்திரம். நீங்கள் மூட்டத்தை நீக்கியவுடன் பூமிக்கும் வானத்துக்கும் இடையே வெறும் வெள்ளைப் பட்டையொன்று தெரியத் தொடங்கினால், நீக்கியது மூட்டம் மட்டும் அன்று, விளிம்பின் திரையும் சேர்ந்து போயிற்று என்று அறிக. அப்போது நிலப்பரப்பின் தூர அமைப்பை உயர்த்துவதே செய்யவேண்டிய காரியம்.

எக்ஸ்-பிளேன் 11 ஓட்டுகிறவர்களுக்கு ஃபாக்-பி-கான் என்ற உள்மாறி நன்கு தெரிந்திருக்கும். ஃப்ளைவித்லுவா துணைநிரலின் மூலம் அதை ஏற்றி இறக்கி மூட்டத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் ஏராளம். அந்த மாறி, நிரலை ஆக்கியோர் தங்கள் உபயோகத்துக்கென்று தனியாக ஒதுக்கி வைத்த வகையைச் சேர்ந்தது; அடுத்த பதிப்பில் அது அப்படியே இருக்கும் என்று அவர்கள் யாருக்கும் வாக்களிக்கவில்லை. பழைய ஸ்கிரிப்டுகளைக் கோப்புறையோடு புதிய பதிப்புக்கு எடுத்துச் சென்றுவிட்டு, வானத்தின் நிறம் கெட்டுவிட்டது என்று வருந்துகிறவர்கள், முதலில் அவை யாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் துணைநிரல்கள் இருக்கும் கம்யூனிட்டி கோப்புறைக்கு வேறு பெயரிட்டுவிட்டுத் தொடங்குவதும் இதே காரியம்தான். திரையின் ஹெச்டிஆர் அமைப்பும் காமா அளவும் தவறியிருந்தாலும் படம் வெளுக்கும். அந்தச் சந்தேகத்தைப் போக்கிக்கொள்ள, வேறொரு திரையில் பார்த்தாலே போதும்.

இவ்வளவையும் செய்த பிறகு, மூட்டம் சரியாகவே இருக்கிறது என்று தெரியவந்தால் என்ன செய்வது? அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 1999 ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் இரவு, அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் புதல்வர் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், தம் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, நியூஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு ஒரு பைப்பர் சரட்டோகா விமானத்தை ஓட்டிச் சென்றார். கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை. கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு ஏற்ற வானிலை என்றே முன்னறிவிப்புகள் கூறியிருந்தன. கரையோர விமான நிலையங்கள் அன்றிரவு 5 முதல் 8 மைல் வரை பார்வைத் தூரம் என்று அறிவித்தன. நம் கணக்கில் 8 முதல் 13 கிலோமீட்டர், யாரும் அஞ்சத்தக்க தொகை அன்று. ஆனால் அதே இரவில் அதே பக்கமாகப் பறந்த மற்ற விமானிகள், மூட்டத்தினால் நீரின்மேல் அடிவானமே தெரியவில்லை என்று பின்னர்ச் சொன்னார்கள். தரையின்மேல் 5,500 அடியில் சீராக வந்துகொண்டிருந்த விமானம், தீவுக்கு முன்னால் ஏறக்குறைய 30 மைல் அகலமுள்ள நீர்ப்பரப்பைக் கடக்கையில் இறங்கியது, ஏறியது, இடம் திரும்பியது, வலம் திரும்பியது, முடிவில் நிமிஷத்துக்கு 4,700 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் கடலில் வீழ்ந்தது, மூவரும் மாண்டனர். இரவில் நீரின்மேல் இறங்குகையில் திசையுணர்வு தடுமாறி விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்றும், மூட்டமும் இருண்ட இரவும் துணைக்காரணங்கள் என்றும் அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தீர்மானித்தது.

இந்தப் பயணத்தை உங்கள் சிமுலேட்டரில் இரண்டு விதமாக ஓட்டிப் பாருங்கள். நிலவில்லாத இரவில், மூட்டத்தை அடியோடு நீக்கிவிட்டு, அந்த நீர்ப்பரப்பு தொடங்கும் ரோட் ஐலண்ட் கரையிலிருந்து புறப்பட்டால், தீவின் விளக்குகள் தொலைவிலேயே கண்ணில் பட்டு, எங்கே வானம் முடிகிறது, எங்கே கடல் தொடங்குகிறது என்பதை நொடிதோறும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே வரும். இதில் ஒருவர் எப்படித் தவற முடியும் என்றே தோன்றும். பிறகு 10 கிலோமீட்டர் மூட்டத்தை வைத்துக்கொண்டு அதே கரையை விட்டுக் கிளம்புங்கள். பின்னால் ஊரின் வெளிச்சம் மறைந்த சிறிது நேரத்தில் முன்கண்ணாடியில் மேலும் கீழும் ஒரே கறுப்பாகிவிடும். சாய்ந்திருக்கிறோமா நிமிர்ந்திருக்கிறோமா என்பதைச் செயற்கை அடிவானக் கருவி ஒன்றுதான் சொல்லும். அதை விட்டுக் கண்ணை எடுத்து, தேசப்படத்தைச் சில வினாடி பார்த்துவிட்டுத் திரும்பினால் இறக்கை எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அசையாத நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கே இப்படி என்றால், உட்காதின் திரவமும் சேர்ந்து பொய் சொல்லும் உண்மை விமானத்தில் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம்மில் சிலர் நாளைக்கு விமானப் பள்ளியில் சேரப் போகிறவர்கள். அவர்களுக்கு இந்தக் கறுப்பை முன்கூட்டியே, உயிருக்குச் சேதமின்றிக் காட்டித் தரக்கூடிய சாதனம் நம் மேசையில் இருக்கிறது. அதிலிருந்து இந்தப் பாடத்தை ஒரு வரியால் அழித்துவிட்டு ஓட்டுவதை என் மனம் ஏற்க மறுக்கிறது.

ஆகையால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். மூட்டத்தைப் பற்றி ஒருவரை ஒருவர் உதவி கேட்கும்போது, படத்தை மட்டும் அனுப்பாமல், அந்நேரத்து மெட்டார் அறிக்கையை அப்படியே சேர்த்து, எவ்வளவு உயரத்தில் எந்தத் திசையை நோக்கிப் பார்த்தது, சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்பவற்றையும் எழுதி, துணைநிரல்களை எல்லாம் நீக்கிய நிலையில் பிடித்த படம் ஒன்றையும் உடன் வையுங்கள். பரிகாரம் சொல்கிறவர்கள், அது எந்தப் பதிப்புக்கு உரியது, மாற்றுமுன் இருந்த தொகை என்ன என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். திரும்பி வர வழி தெரியாதவரை உள்ளே அனுப்புவது உபகாரமாகாது. நிரல் எழுதத் தெரிந்த அன்பர்களுக்குத் தனியாக ஒன்று. ஃப்ளைட்கியரின் மூலநிரல் யாரும் படிக்கவும் திருத்தவும் திறந்தே கிடக்கிறது. 9999 என்று வந்தால் அதை 10 கிலோமீட்டர் என்று முடித்துவிடாமல், காற்றின் ஈரப்பதத்தையும் பருவத்தையும் சுற்றியுள்ள நிலையங்களின் அறிக்கைகளையும் பார்த்து அதற்கு மேற்பட்ட தூரத்தை எப்படி மதிப்பிடுவது என்பதில் செய்யத்தக்க வேலை நிறைய இருக்கிறது. வங்கக் கடலோர நிலையங்களைக் கொண்டு இதைத் தொடங்க விரும்புகிறவர்கள் முன்வந்தால், நிறத்தை எண்ணாகப் படிக்கும் அந்தப் பரீட்சையை ஊர் ஊராகச் செய்து தொகைகளை ஒழுங்குபடுத்தித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்